எதிர்நாயகனுக்கும் ஒரு முகம் உண்டு

நுழையுமுன்

நல்லவன் வெல்வான், தீயவன் வீழ்வான் என்பது கதை தொடங்கும்போதே நமக்குத் தெரியும். ஆயினும், படம் முடிந்து வெளியே வருவோர் தீயவனைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றனர். ஏன்? கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளில் வாழும் தமிழ்ச் சிறுவர், தமிழ்ப் படங்களையும் மலையாளப் படங்களையும் கண்டு வளர்பவர்கள். அவர்கள் நடுவே இவ்வினா மேலும் ஒரு வினாவை எழுப்புகிறது: திரையில் தீயவன் எந்த ஊர்க்காரனாக வருகிறான்? எந்த மொழியில் பேசுகிறான்? இவ்விரு வினாக்களையும் இப்பாடம் ஆராய்கிறது.

1. மூன்று வழக்குகள்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம். இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி. இவ்வூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் நடமாடுகின்றன. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து சென்றோரின் வழிவந்தவர்கள் இடுக்கியின் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இரு மொழிப் படங்களும் இங்கே ஓடுகின்றன. இரு மொழி நடிகர்களுக்கும் இங்கே சுவைஞர்கள் உள்ளனர். சுவைஞர் கூடும் இடத்தில் சொற்போர் இல்லாமல் இராது.

அச்சொற்போர்களில் பெரும்பாலும் மூன்று வழக்குகள் எழுகின்றன. படத்தைத் தாங்குபவன் நாயகனா, எதிர்நாயகனா என்பது முதல் வழக்கு. சித்திரக்கதையைப் படமாக்கினால் அது வளர்கிறதா, குறைகிறதா என்பது இரண்டாவது. எதிர்நாயகனின் மொழியும் தோற்றமும் அம்மொழி பேசும் மக்களைப் புண்படுத்துமா என்பது மூன்றாவது. முதல் வழக்குக்கு விடை தேட, திரைப்படம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பாலக்காட்டு மண்ணில் கட்டப்பட்ட ஒரு திரையை முதலில் காண வேண்டும்.

2. விளக்கொளியில் இராவணன்

பாலக்காட்டுப் பகுதியின் பத்திரகாளி கோயில்கள் பலவற்றில், கோயிலை எதிர்நோக்கி நீண்ட மேடை ஒன்று இருக்கும். அதற்குக் கூத்துமாடம் என்று பெயர். அறுவடை முடிந்த காலத்தில் அம்மாடத்தில் வெண்துணி கட்டப்படும். துணிக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி, 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவர். மான்தோலில் வெட்டி, நுண்துளைகள் இட்டு அமைத்த பாவைகள் அவ்வொளியில் நிழலுருவாக அசையும். இக்கலையே தோற்பாவைக்கூத்து. பாவைகளை இயக்கும் கலைஞர்களைப் ‘புலவர்’ என்றே ஊரார் அழைக்கின்றனர்.

இக்கூத்தின் கதை இராமாயணம். அதுவும் கம்பர் இயற்றிய தமிழ்க் காப்பியம். புலவர்கள் கம்பரின் செய்யுள்களை மனப்பாடமாகப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் உரைக்கின்றனர். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தோரு இரவு எனக் கோயிலுக்கேற்ப நாள்கள் வேறுபடும். அதனினும் மிகுதியாக நிகழும் இடங்களும் உண்டு. தாரிகன் என்னும் அசுரனை அழிக்கச் சென்றமையால் இராம இராவணப் போரைக் காணாமற்போன காளிக்காக இக்கூத்து நிகழ்கிறது என்பது மரபு. எனவே, மனிதர் ஒருவரும் எதிரே அமராத இரவிலும் கூத்து நிற்பதில்லை.

அவ்வெண்துணியில் தோன்றும் இராவணன் எளிய கொடியவன் அல்லன். அவன் வீணையில் வல்லவன், வேதம் அறிந்தவன், கயிலை மலையைப் பெயர்க்க முயன்ற தோள்வலி உடையவன். பிறன்மனைவியைக் கவர்ந்த ஒரு செயலால் அவன் தன் கல்வியையும் வலிமையையும் இழக்கிறான். அவன் தம்பி கும்பகருணன், அண்ணன் செய்தது தவறு என எடுத்துரைத்தும், உண்ட சோற்றுக்குக் கடன்பட்டுப் போர்க்களத்தில் மடிகிறான். மற்றொரு தம்பியாகிய வீடணன், அறத்தின் பக்கம் நிற்பதற்காக அண்ணனைப் பிரிகிறான். ஒரே வீட்டில் பிறந்த மூவரும் மூன்று வழிகளில் செல்கின்றனர். தீமை பிறப்பில் இல்லை, செயலில் உள்ளது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

நாயகனா, எதிர்நாயகனா என்னும் வழக்குக்கு இக்கூத்தில் ஒரு விடை கிடைக்கிறது. இராவணன் சிறியவனாக இருந்தால் இராமனின் வெற்றியும் சிறியதாகிவிடும். படைக்கலம் இழந்து தனித்து நின்ற இராவணனை, அன்று சென்று மறுநாள் போருக்கு வருமாறு இராமன் கூறும் இடத்தில் இருவருமே உயர்கின்றனர். பகைவனின் உயரமே வீரனின் உயரத்தை அளக்கும் கோல்.

3. சாட்டையும் மாலையும்

கூத்துமாடத்தில் இராவணனுக்குக் குரல் கொடுத்த புலவரை ஊரார் வெறுப்பதில்லை. ஆனால், திரைப்படம் வந்தபின் நிலை சற்று மாறியது. திரையில் தோன்றுவது நடிகரின் சொந்த முகம். ஆதலால், வேடத்தின் பழி நடிகர்மேலும் படிந்தது. இதற்குச் சிறந்த சான்று எம். என். நம்பியார்.

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919-ஆம் ஆண்டு கண்ணூரில் பிறந்தவர். சிறுவயதில் நவாப் இராசமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றார். 1950-இல் வெளிவந்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் பதினொரு வேடங்களில் தோன்றினார். பின்னர், தமிழ்த் திரையின் தலைசிறந்த எதிர்நாயகர்களுள் ஒருவரானார். புருவத்தை உயர்த்தி, கைகளைப் பிசைந்து, குரலைத் தாழ்த்தி அவர் பேசும்போது அரங்கம் அஞ்சியது. திரையில் அவரைக் கண்டு மண்ணைத் தூற்றிய மூதாட்டியரைப் பற்றிய கதைகள் தமிழகத்தில் ஊர்தோறும் உண்டு.

அவருக்கு எதிரே நாயகனாக நின்றவர் பெரும்பாலும் எம். ஜி. ஆர். இவர் 1917-இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர். இவர் குடும்பத்தின் வேர் பாலக்காட்டு மாவட்டத்தின் வடவன்னூரில் உள்ளது. ‘சர்வாதிகாரி’ (1951), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) முதலிய படங்களில் இருவரும் வாளேந்தி மோதினர். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) படத்தில் நம்பியாரின் கையிலிருந்த சாட்டை நாயகனின் கைக்கு மாறியபோது அரங்குகள் ஆர்ப்பரித்தன. அன்று மோதிய நாயகனும் எதிர்நாயகனும் மலையாளக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இருவருக்கும் தமிழே திரைமொழி. இருவரையும் தமிழ்மக்கள் தம்மவராகவே கொண்டனர்.

திரைக்கு வெளியே நம்பியார் எப்படிப்பட்டவர்? புலால் உண்ணாதவர், கழுத்தில் துளசிமாலை அணிந்து, அறுபது முறைக்கும் மேலாகச் சபரிமலைக்குச் சென்றவர், அடியார் குழுக்களுக்குக் குருசாமியாக விளங்கியவர். ‘தூறல் நின்னு போச்சு’ (1982) படத்தில் அன்பும் நகைச்சுவையும் மிக்க முதியவராக அவர் நடித்தபோது, மக்கள் அவ்வேடத்தையும் ஏற்று மகிழ்ந்தனர். சாட்டை வேடத்துக்கு உரியது. மாலை மனிதருக்கு உரியது.

4. கெட்டவனாகத் தொடங்கிய மாயாவி

இரண்டாம் வழக்கு சித்திரக்கதைகளைப் பற்றியது. தமிழில் சித்திரக்கதை என்றவுடன் மூத்தோர் நினைவுக்கு வருவது சிவகாசி. அங்கிருந்து 1972-ஆம் ஆண்டு ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’ தோன்றியது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பிறந்த நாயகர்கள், சிவகாசியின் அச்சுக்கூடங்கள் வழியாகத் தமிழ் பேசத் தொடங்கினர். வாடகை நூல்நிலையங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் அவ்விதழ்கள் கைமாறி, தாள் கிழியும்வரை படிக்கப்பட்டன.

இரும்புக்கை மாயாவி 1962-இல் இங்கிலாந்து வார இதழ் ஒன்றில் தோன்றியவன். ஆய்வுக்கூட உதவியாளனாகிய அவனுக்கு வலக்கையில் இரும்புக்கை பொருத்தப்பட்டிருந்தது. மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் உருவம் மறையும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொடக்கக் கதையில் அவன் நல்லவன் அல்லன். யாரும் காணமுடியாத ஆற்றல் கிடைத்தவுடன் குற்றத்தின் வழியில் சென்றவன். பின்னரே திருந்தி, உளவுத்துறைக்குத் துணைநிற்கும் நாயகன் ஆனான். லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த ‘ஸ்பைடர்’ என்பவனும் குற்றக்கூட்டத்தின் தலைவனாகத் தொடங்கி, குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறியவனே.

உலகப் புகழ்பெற்ற எதிர்நாயகனாகிய ஜோக்கர், 1940-ஆம் ஆண்டு ‘பேட்மேன்’ முதல் இதழில் தோன்றினான். அவ்விதழிலேயே அவன் இறந்துவிடுவதாகத்தான் முதலில் திட்டமிட்டனர். பதிப்பாசிரியரின் தலையீட்டால் அவன் பிழைத்தான். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறான். அவ்வேடத்தைத் திரையில் ஏற்ற ஹீத் லெட்ஜர் 2009-இலும் வாக்கீன் ஃபீனிக்ஸ் 2020-இலும் ஆஸ்கர் விருது பெற்றனர். முன்னவருக்கு அவர் மறைந்த பின்னரே விருது வழங்கப்பட்டது.

5. கட்டத்திலிருந்து திரைக்கு

சித்திரக்கதை படமாகும்போது என்ன நிகழ்கிறது? சுவைஞருள் ஒரு சாரார் இவ்வாறு வாதிடுவர்: “சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெற்றிடம் உண்டு. அவ்விடத்தைப் படிப்பவரின் கற்பனை நிரப்புகிறது. மாயாவியின் குரலை நாமே அமைத்துக்கொள்கிறோம். திரையோ குரல், வேகம், இசை அனைத்தையும் தானே தந்துவிடுகிறது. நமக்கென்று எதுவும் எஞ்சுவதில்லை.”

மறு சாரார் இவ்வாறு விடையளிப்பர்: “தழுவல் என்பது படியெடுத்தல் அன்று. கம்பரின் செய்யுள் தோற்பாவையானபோது அது குறையவில்லை. நூலைத் தொடாதவருக்கும் எட்டியது. நல்ல நடிகரின் ஒரு பார்வை, பத்துக் கட்டங்கள் சொல்லாததைச் சொல்லும்.”

இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. தழுவலை அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. மூலக்கதையில் இருந்தவை அனைத்தும் வந்துள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பது போதாது. மூலக்கதை எழுப்பிய வினா உயிரோடு இருக்கிறதா என்று காண வேண்டும். ‘யாரும் காணாதபோது நீ யார்?’ என்பது மாயாவியின் கதை எழுப்பும் வினா. அவ்வினாவைத் துறந்து இரும்புக்கையை மட்டும் படமாக்கினால், எஞ்சுவது இரும்பே.

2023-இல் வெளிவந்த ‘மாவீரன்’ தமிழ்ப்படம் சித்திரக்கதையையே தன் கருவாகக் கொண்டது. அதன் நாயகன் நாளிதழுக்குச் சித்திரக்கதை வரைபவன். தாளில் வீரனைப் படைக்கும் அவன், வாழ்வில் அஞ்சி ஒதுங்குபவன். வரைந்த வீரம் வாழ்வுக்கு வருமா என்பதே அப்படத்தின் வினா.

6. ஒரே மின்னல்

மீநாயகன் படங்களை ஒப்பிடும் சுவைஞர் ஒரு வியப்பைச் சுட்டுவர். 2012-இல் மிஷ்கின் இயக்கிய ‘முகமூடி’ என்னும் தமிழ்ப்படத்தில் எதிர்நாயகனாக நடித்தவர் நரேன்; மலையாளத் திரையுலகிலிருந்து வந்தவர். 2021 டிசம்பரில் வெளிவந்த, பேசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளப் படத்தில் எதிர்நாயகனாக நடித்தவர் குரு சோமசுந்தரம்; தமிழர். தேசிய விருது பெற்ற ‘ஜோக்கர்’ (2016) என்னும் தமிழ்ப்படத்தின் நாயகரும் இவரே. தமிழ் மீநாயகனுக்கு மலையாளத்திலிருந்து ஓர் எதிரி. மலையாள மீநாயகனுக்குத் தமிழிலிருந்து ஓர் எதிரி!

‘மின்னல் முரளி’யின் கதையில் ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் ஜெய்சன், தையற்காரன். மற்றவன் சிபு, தேநீர்க் கடையில் வேலை செய்பவன். ஊராரின் ஏளனத்துக்கு ஆளானவன். இருவருக்கும் ஒத்த ஆற்றல் கிடைக்கிறது. ஜெய்சன் தட்டுத்தடுமாறி, பிறரைக் காக்கக் கற்றுக்கொள்கிறான். சிபு தான் நெடுங்காலம் நேசித்த பெண்ணை இழந்ததும், துயரம் சினமாகி ஊரையே எரிக்கத் துணிகிறான். மின்னல் வேறுபாடு காட்டவில்லை. வேறுபாடு அதன்பின் அவரவர் செய்த செயலில் பிறந்தது. கும்பகருணனும் வீடணனும் சொன்னதையே இந்த மின்னலும் சொல்கிறது.

இங்கும் ஒரு சொற்போர் எழுகிறது. “சிபுவை அன்போடு நடத்தியிருந்தால் அவன் கொடியவனாகியிருக்க மாட்டான், குற்றம் ஊரினுடையது” என்பர் சிலர். “ஒதுக்கப்பட்டோர் பலர் உளர், அனைவரும் ஊரை எரிப்பதில்லை, குற்றம் அவனுடையது” என்பர் வேறு சிலர். ஊர் இழைத்த தவற்றை ஒப்புக்கொள்வதால் சிபுவின் குற்றம் மறைந்துவிடாது. சிபுவின் குற்றத்தைச் சுட்டுவதால் ஊரின் தவறும் நீங்கிவிடாது. இரண்டையும் ஒருங்கே காணச் செய்யும் எதிர்நாயகனே நினைவில் நிற்கிறான்.

7. எதிர்நாயகன் எந்த மொழியில் பேசுகிறான்?

மூன்றாம் வழக்கு எல்லைப்பகுதிச் சிறுவர்க்கு மிக நெருக்கமானது. சில மலையாளப் படங்களில் அடியாள் தமிழ் பேசுவான். சில தமிழ்ப் படங்களில் மலையாளம் கலந்து பேசும் தேநீர்க் கடைக்காரர் நகைப்புக்கு உரியவராக வருவார். திரையரங்கில் அது சில நொடிச் சிரிப்பு. மறுநாள் வகுப்பறையில் அதே பேச்சுமுறையைப் பழித்துக் காட்டி, ஒரு மாணவனைப் பெயர்சொல்லாமல் அழைத்தால், அச்சிரிப்பு அம்மாணவனுக்குச் சுமையாகிறது. அவன் தன் வீட்டுமொழியை வெளியில் பேசக் கூசுவான். இழப்பு அவனுக்கு மட்டுமன்று. அவன் தாயிடம் கேட்ட பாட்டும் பழமொழியும் அடுத்த தலைமுறையை எட்டாமற் போகக்கூடும்.

அவ்வாறெனில், தமிழர் எவரும் மலையாளப் படத்தில் தீயவராக நடிக்கலாகாதா? மலையாளி எவரும் தமிழ்ப் படத்தில் எதிர்நாயகராகலாகாதா? அவ்வாறு தடுத்திருந்தால் நம்பியாரைத் தமிழ்த்திரை இழந்திருக்கும். சிபுவை மலையாளத்திரை இழந்திருக்கும். எனவே, சிக்கல் தீயவனின் மொழியில் இல்லை. ஒரு மொழி பேசுவோர் அனைவரும் தீயவராகவோ நகைப்புக்கு உரியவராகவோ மட்டுமே காட்டப்படும்போது சிக்கல் தொடங்குகிறது. சிபுவுக்கு ஒரு பிழைப்பு உண்டு, காதல் உண்டு, கண்ணீர் உண்டு. அவன் முழுமனிதன். பெயரும் வாழ்வும் இன்றி, பேச்சுமுறை மட்டும் கொண்டு வந்துபோகும் அடியாளோ வெறும் முத்திரை. முத்திரை குத்துவது எளிது. மனிதனைப் படைப்பதற்கே கலை வேண்டும்.

காலந்தோறும் முத்திரைகள் மாறவும் கூடும். கள்ளியங்காட்டு நீலி, கேரளக் கதைமரபில் அஞ்சத்தக்க யட்சி. அவள் உறைந்ததாகச் சொல்லப்படும் காடு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழிலும் பழையனூர் நீலியின் கதை வழங்குகிறது. 2025-இல் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளப் படம் அந்நீலியையே நாயகியாக்கியது. பழங்கதையின் தீயவள் புதுக்கதையின் காவலராகிறாள். யாரை எதிரி என்பது என்றும் மாறாத முடிபு அன்று. கதை சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

எல்லையில் வளரும் சிறுவர்க்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரு மொழிகளையும் அறிந்தோர், ஒரு கதையை இரு பக்கங்களிலிருந்தும் காணலாம். தமிழ்ப்படம் மலையாளியை எவ்வாறு காட்டுகிறது, மலையாளப்படம் தமிழரை எவ்வாறு காட்டுகிறது என்பதை அவர்களைப் போல் அறிந்து உரைக்க வல்லார் சிலரே. கம்பரின் தமிழைப் பாடி, இரு மொழி கலந்து பொருளுரைத்த கூத்துமாடத்துப் புலவர்கள் செய்ததும் அதுவே. இராமனுக்கும் இராவணனுக்கும் அவர்கள் ஒரே திரையைக் கட்டினர். ஒரே விளக்கின் ஒளியைத் தந்தனர்.

சொல்லும் பொருளும்

எதிர்நாயகன் – கதையில் நாயகனை எதிர்த்து நிற்பவன், வில்லன்
மீநாயகன் – இயல்பை மீறிய ஆற்றல் உடைய நாயகன்
கூத்துமாடம் – தோற்பாவைக்கூத்து நிகழும் மேடை
தழுவல் – ஒரு படைப்பை வேறு வடிவில் ஆக்குதல்
சுவைஞர் – கலையைச் சுவைப்பவர்; இரசிகர்
முடிபு – தீர்மானம்

பிரித்தும் சேர்த்தும் எழுதுக

1. தோல் + பாவை = தோற்பாவை. இதனைப் போன்று சேர்த்து எழுதுக: சொல் + போர், கல் + சிலை, நூல் + பயன்.
2. பிரித்து எழுதுக: வெண்துணி, நிழலுருவம், பழங்கதை, விளக்கொளி.

குறுவினா

1. தோற்பாவைக்கூத்தில் பாவைகள் எதனால் செய்யப்படுகின்றன? விளக்குகள் எவ்வாறு ஏற்றப்படுகின்றன?
2. இரும்புக்கை மாயாவியின் தொடக்கக் கதைக்கும் பிற்காலக் கதைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ‘சாட்டை வேடத்துக்கு உரியது, மாலை மனிதருக்கு உரியது’ – இத்தொடரை விளக்குக.

சிறுவினா

1. இராவணன், கும்பகருணன், வீடணன் மூவரின் வழிகளையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ‘ஒரே மின்னல்’ என்னும் தலைப்பின் பொருத்தத்தை ஆராய்க.
3. எதிர்நாயகன் எப்போது முழுமனிதன் ஆகிறான்? எப்போது வெறும் முத்திரை ஆகிறான்? உமக்குத் தெரிந்த படம் ஒன்றைக் கொண்டு விளக்குக.

செயல்பாடு

1. வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து, ‘சிபுவின் குற்றத்துக்குப் பெரிதும் காரணம் ஊரா, அவனேயா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக. பாதி நேரம் கழிந்ததும் அணிகள் இடம் மாறி, எதிர் அணியின் கருத்துக்காக வாதிடுக.
2. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் இளமையில் கண்டு அஞ்சிய திரை எதிர்நாயகர் யார் எனக் கேட்டு, அவர் சொன்ன காரணத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
3. நீர் அறிந்த பழங்கதை ஒன்றை, அதன் எதிர்நாயகன் சொல்வதுபோல் ஆறு கட்டங்களில் சித்திரக்கதையாக வரைக.